ஷெட்டிகாம்ப்: கணக்குப் புத்தகத்தைத் தங்கள் கைக்கு வாங்கிக்கொண்ட ஊர்

கேப் பிரெட்டன் தீவுக்குப் போய் வந்த நண்பர்களிடம் ஷெட்டிகாம்ப் எப்படி இருந்தது என்று கேட்டால், "அங்கேதானே பெட்ரோல் போட்டோம்" என்பார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், காபட் டிரெயில் என்னும் 298 கிலோமீட்டர் வளையச் சாலையின் மேற்குப் பக்கத்தில், தேசியப் பூங்காவின் வாசலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது இந்த ஊர். ஒரு பக்கம் செயின்ட் லாரன்ஸ் வளைகுடா, மறுபக்கம் சட்டென்று எழும்பும் மேட்டுநிலம், இரண்டுக்கும் நடுவே துறைமுகத்தை ஒட்டி ஓடும் ஒரே ஒரு நீளத் தெரு. வீட்டு வாசல்களில் நீலம், வெள்ளை, சிவப்பு என்று பிரெஞ்சுக் கொடி போலவே ஒரு கொடி பறக்கும். நீலத்தில் மட்டும் ஒரு மஞ்சள் நட்சத்திரம் கூடுதலாக இருக்கும். அது அகாடியர்களின் கொடி, அதாவது இந்தப் பகுதியில் முதலில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்களின் கொடி. 1884இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் மிஸ்கூஷ் என்னும் ஊரில் கூடி அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அகாடியர்களைப் பற்றி எங்கே படித்தாலும் 1755இல் ஆங்கிலேயர் அவர்களை நாடு கடத்தியதுதான் கதையின் உச்சமாக வருகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடும். எனக்கோ அந்தப் பிற்பாதிதான் பெரிதாகப் படுகிறது. திரும்பி வந்தவர்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள், யாரிடம் கடன்பட்டார்கள், அந்தக் கடனிலிருந்து எப்படி வெளியே வந்தார்கள் என்பதற்கெல்லாம் ஷெட்டிகாம்ப்பில் இன்னும் தடயம் இருக்கிறது, தொட்டுப் பார்க்கும்படியாகவே இருக்கிறது. அதனால்தான் அங்கே இரண்டு ராத்திரியாவது தங்குங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1605இல் இன்றைய நோவா ஸ்கோஷியாவின் போர்-ருவாயலில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். ஃபண்டி விரிகுடாவின் ராட்சத ஓதங்களுக்கு மண்கரை கட்டி, உப்புச் சதுப்பை விளைநிலமாக்கி, அந்த மண்ணின் பூர்வகுடிகளான மிக்மாக்கியரோடு பெரும்பாலும் இணக்கமாக வாழ்ந்தார்கள். 1713இல் உட்ரெக்ட் ஒப்பந்தப்படி அந்த நிலம் பிரிட்டனுக்குப் போயிற்று. கேப் பிரெட்டன் தீவும் இன்றைய பிரின்ஸ் எட்வர்ட் தீவும் மட்டும் பிரான்சிடம் தங்கின. எந்த நிபந்தனையும் இல்லாமல் ராஜவிசுவாசப் பிரமாணம் எடுங்கள் என்று ஆங்கிலேயர் கேட்க, சண்டை வந்தால் எந்தப் பக்கமும் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று இவர்கள் சொல்ல, பேச்சு நாற்பது வருடம் இழுத்தது. 1755இல் ஆளுநர் சார்ல்ஸ் லாரன்ஸ் எல்லோரையும் கப்பலில் ஏற்றச் சொல்லிவிட்டார். 1763 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிடுங்கி எறியப்பட்டார்கள். 1758இல் கேப் பிரெட்டனில் இருந்த பிரான்சின் லூயிஸ்பர்க் கோட்டை விழுந்ததும் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் இருந்தவர்களையும் விடவில்லை. அந்த டிசம்பரில் பிரான்சை நோக்கிப் போன டியூக் வில்லியம், வயலெட் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கி நூற்றுக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள்.

1764இல் திரும்பி வர அனுமதி கிடைத்தது. ஆனால் சிறு சிறு கூட்டமாகச் சிதறித்தான் குடியேறலாம், பிரமாணமும் எடுக்க வேண்டும். அதற்குள் அவர்களுடைய பழைய வயல்களை நியூ இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று. ஆகவே திரும்பி வந்தவர்கள் யாருக்கும் வேண்டாத கரைகளைத் தேடிப் போனார்கள். விவசாயிகளாகப் போனவர்கள் மீனவர்களாகத் திரும்பியதற்கு இதுதான் காரணம்.

ஷெட்டிகாம்ப்புக்கு முதலில் வந்தது ஒரு வியாபாரி. சார்ல்ஸ் ரோபன், ஜெர்சி தீவுக்காரர். ஜெர்சி இங்கிலீஷ் கால்வாயில் இருக்கிறது, ஆட்சி இங்கிலாந்து மன்னருடையது, ஆனால் அந்தக் காலத்தில் மக்கள் பேசியது பிரெஞ்சு, மதம் புராட்டஸ்டன்ட். தோற்ற பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன மீன் வியாபாரத்தைப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். 1770 வாக்கில் ஊருக்கு எதிரே இருக்கும் ஷெட்டிகாம்ப் தீவில் காட் மீன் காயவைக்க இடம் போட்டார். பிடிப்பதற்கு ஆள் வேண்டுமே? பிரான்சில் அகதிகளாக ஒட்டிக்கொண்டு, ஊர் திரும்பத் துடித்துக்கொண்டிருந்த அகாடியக் குடும்பங்களில் சிலவற்றை இந்தக் கரைகளுக்குக் கொண்டுவந்ததே அவருடைய கப்பல்கள்தான். ஷெட்டிகாம்ப்பின் முதல் குடும்பங்கள் 1780களில் கரையேறின. 1790இல், அப்போது தனிக் காலனியாக இருந்த கேப் பிரெட்டன் அரசு பதினான்கு குடும்பத் தலைவர்களுக்கு 7,000 ஏக்கர் நிலம் எழுதிக் கொடுத்தது. "பதினான்கு முதியவர்கள்" என்று ஊர் இன்றும் சொல்வது அவர்களைத்தான். ஷியாசோன், ஒகுவான், புத்ரோ, லெப்லாங், தெவோ, புவாரியே. தபால்பெட்டிகளிலும் கல்லறைகளிலும் படகுகளின் பக்கவாட்டிலும் திரும்பத் திரும்ப இதே பெயர்கள்தான்.

நிலம் சொந்தமாயிற்று, கடல் ஆகவில்லை. ரோபன் கம்பெனி நடந்த விதம் இதுதான்: வசந்தத்தில் மீனவருக்கு உப்பு, தூண்டில், கயிறு, மாவு, வெல்லப்பாகு எல்லாம் கடனாகக் கொடுப்பார்கள், விலை கம்பெனி விலை. கோடை முழுக்கப் பிடித்துக் காயவைத்த மீனை இலையுதிர் காலத்தில் கம்பெனியே எடுத்துக்கொள்ளும், அதற்கும் விலை கம்பெனி விலைதான். காசு என்பது கண்ணில் படாது. வரவும் பற்றும் புத்தகத்தில் மட்டும் நடக்கும், அந்தப் புத்தகமோ கம்பெனிக் குமாஸ்தாவிடம். மீனவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. வருடக் கடைசியில் கொஞ்சம் கடன் மிஞ்சும், அதைத் தீர்க்க அடுத்த வருடமும் அதே கம்பெனிக்குத்தான் மீன் போட வேண்டும், அப்பாவின் கடன் மகன் தலையில் ஏறும். இந்தக் காட் கருவாடு ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் பிரேசிலுக்கும் போய் நல்ல காசு பார்த்தது, பிடித்தவர் வீட்டில் நாணயமே இல்லை. இப்படியே ஒரு நூற்றாண்டுக்கும் மேல். துப்பாக்கி வைத்து நாடு கடத்தியதைவிட இந்த அமைதியான ஏற்பாடு எனக்கு அதிகக் கோபத்தைத் தருகிறது, ஏனென்றால் இதற்கு நினைவுச் சின்னம் கிடையாது, மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. நாடு கடத்தலுக்காவது 2003இல் கனடா ஒரு அரசப் பிரகடனம் வெளியிட்டு, நடந்த அநியாயத்தை ஒப்புக்கொண்டு, ஜூலை 28ஐ நினைவு நாளாக்கியது.

இதிலிருந்து வெளியேற வழி பாதிரியார்கள் பக்கத்திலிருந்தும் வந்தது, மீனவர்கள் பக்கத்திலிருந்தும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே ஷெட்டிகாம்ப் மீனவர்கள் கூட்டாகச் சேர்ந்து மீன் விற்கத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கான மார்கரீயில் வளர்ந்த மோசஸ் கோடி என்ற பாதிரியார், 1928இல் ஆன்டிகோனிஷ் ஊரின் செயின்ட் ஃபிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய விரிவாக்கத் துறைக்குத் தலைவரானார். அவருடைய முறை ரொம்ப எளிது: சாயங்காலம் ஒரு வீட்டுச் சமையலறையில் பத்துப் பேர் உட்கார வேண்டும், நம் மீன் எங்கே போகிறது, என்ன விலைக்கு விற்கிறது, நமக்கு ஏன் இவ்வளவுதான் வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஏதாவது ஒன்றைத் தொடங்க வேண்டும். கரை முழுக்க மீன் பதப்படுத்தும் கூடம், கடை, கடன் சங்கம் என்று முளைத்தன. ஷெட்டிகாம்ப்பில் 1930களில் மக்கள் கடன் சங்கம் வந்தது. கோடி பெயரில் ஆன்டிகோனிஷில் 1959இல் தொடங்கிய பயிற்சி நிறுவனத்துக்கு இந்தியாவிலிருந்தும் கூட்டுறவு ஊழியர்கள் வந்து படித்துப் போயிருக்கிறார்கள்.

சரி, இப்போது ஊரைச் சுற்றிப் பார்ப்போம். எங்கே நின்றாலும் கண்ணில் படுவது செயின்ட் பியேர் தேவாலயத்தின் வெள்ளி நிறக் கோபுரம். 1893இல் கட்டிய கல் கட்டடம், மர வீடுகள் மட்டுமே இருக்கும் ஊருக்கு மிகப் பெரிய கட்டடம். கல் எதிர்த் தீவிலிருந்து வந்தது. எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்: குளிர்காலத்தில் துறைமுகம் உறைந்ததும், குதிரைகள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிகளில் கல்லை ஏற்றி, பனிக்கட்டி மேலேயே இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். மீன்பிடி இல்லாத மாதங்களில் ஊரே கூலியில்லாமல் உழைத்தது. கட்டுவித்தவர் பியேர் ஃபிஸே என்ற பாதிரியார், 1875இல் வந்து 1909இல் சாகும்வரை இங்கேயே இருந்தவர், தேவாலயத்தோடு நிற்காமல் ஊரின் பிழைப்பு விஷயங்களிலும் இறங்கியவர். உள்ளே போய்ப் பாருங்கள், வெளியிலிருந்து பார்த்தால் இருக்கும் முரட்டுத்தனம் உள்ளே சுத்தமாக இல்லை. பொன்னும் வெளிர்நிறமுமாக, மேல்மாடங்களோடு, ஒரு சின்ன மீன்பிடி ஊர் தனக்குத் தானே கட்டிக்கொண்ட அரண்மனை மாதிரி இருக்கிறது.

அடுத்தது கம்பளங்கள். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

குளிர்காலத்தில் பழந்துணியைக் கிழித்து, சாக்குத் துணியில் கொக்கியால் கண்ணி கண்ணியாக இழுத்து, தரைக்கு விரிப்பு செய்வது இந்தக் கரை முழுக்கப் பெண்களுக்குத் தெரிந்த வேலை. மரச் சட்டத்தில் சாக்கை இழுத்துக் கட்டுவார்கள். இடது கை சாக்குக்கு அடியில் நூலைப் பிடித்திருக்கும், வலது கை மேலிருந்து கொக்கியைக் குத்தி நூலை மேலே இழுக்கும். அவ்வளவுதான் நுட்பம், ஆனால் ஒவ்வொரு கண்ணியும் ஒரே உயரத்தில் நிற்க வருடக்கணக்கில் கை பழக வேண்டும். 1920களின் பிற்பகுதியில் லில்லியன் பர்க் என்ற அமெரிக்க ஓவியர் இங்கே வந்தார். தீவின் மறுபக்கம் பாடெக்கில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் குடும்பத்துக்கு வேண்டியவர் அவர். பழந்துணிக்குப் பதிலாகக் கம்பளி நூல், கண்ணை அடிக்கும் நிறத்துக்குப் பதிலாக மங்கலான நிறம், பழைய ஐரோப்பியக் கம்பளம் போன்ற வடிவங்கள் என்று சொல்லிக்கொடுத்து, பெரிய அளவில் செய்யவைத்து, நியூயார்க்கில் பணக்கார வீடுகளுக்கு விற்றார். ஒரு கம்பளம் 600 சதுர அடிக்கும் மேலே போயிற்று. வீட்டுக்குள் கொள்ளாத அளவு, பல பெண்கள் ஒரே சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து செய்தார்கள். உலகப் பொருளாதாரமே படுத்துக் கிடந்த வருடங்களில் இந்தக் காசுதான் பல வீட்டில் அடுப்பெரித்தது.

ஆனால் கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்று பர்க் வைத்ததுதான். நியூயார்க்கில் என்ன விலைக்குப் போகிறது என்று இங்கே கேள்விப்பட ஆரம்பித்ததும் முணுமுணுப்பு எழுந்தது. 1930களின் பிற்பகுதியில் பெண்களில் ஒரு பகுதியினர் பிரிந்து வந்து தாங்களே விற்கத் தொடங்கினார்கள். அதற்குச் சமயமும் வாய்த்தது. 1932இல் காபட் டிரெயில் முழுச் சுற்றும் முடிந்து, கார்கள் வாசலுக்கே வர ஆரம்பித்திருந்தன. வாசலில் கொடிக்கயிறு கட்டிக் கம்பளங்களைத் தொங்கவிட்டால் கார் நிற்கும். அப்பாக்களுக்கும் ரோபன் கம்பெனிக்கும் நடந்தது அவர்களுக்குத் தெரியாததா என்ன? பர்க்கிடம் நன்றி இல்லாமல் போகவில்லை, இன்றும் ஊர் அவரை மரியாதையோடுதான் நினைக்கிறது. நன்றி வேறு, கணக்கு வேறு என்று அந்தப் பெண்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பின்னால், 1960களில், ஷெட்டிகாம்ப் பெண்கள் தங்களுக்கென்று கைவினைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள்.

இந்த மரபின் உச்சம் எலிசபெத் லெஃபோர். 1914இல் பக்கத்திலேயே பாயின்ட் கிராஸில் பிறந்தவர். கொக்கியையும் கம்பளி நூலையும் வைத்து முகங்களைச் செய்தார். ஐசன்ஹோவர், எலிசபெத் மகாராணி, பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர். இவர் கைவேலை வெள்ளை மாளிகைக்கும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் வாட்டிகனுக்கும் போயிருக்கிறது. மாங்க்டன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, 1987இல் ஆர்டர் ஆஃப் கனடா என்ற தேசிய விருது கிடைத்தது, 2005இல் காலமானார். ஊரின் வடகோடியில் லே துருவா பின்யோன் என்ற அருங்காட்சியகத்தில் அவருடைய காட்சிக்கூடம் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் எண்ணெய் வண்ண ஓவியம். கிட்டே போனால் முகத்தில் கன்னத்து நிழல் ஒன்றுக்கே எத்தனை பழுப்பு, எத்தனை இளஞ்சிவப்பு! அந்த நிறங்களை எல்லாம் அவரே சாயம் தோய்த்து எடுத்தார். சிலுவைப்பாட்டுக் காட்சி ஒன்று இருக்கிறது, அதன் முன்னால் நான் நின்ற நேரத்தில் கூட வந்தவர்கள் மதிய உணவே முடித்துவிட்டார்கள். மகாராணியும் ஜனாதிபதியும் எனக்கு அவ்வளவு பெரிதில்லை. வீட்டு வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்ட கைத்திறனை ஒரு பெண் இவ்வளவு தூரம் கொண்டுபோனதுதான் பெரிது.

இனி பூங்கா. எல்லோரும் போகும் ஸ்கைலைன் பாதைக்கு நீங்களும் போகத்தான் போகிறீர்கள், போங்கள். மேட்டின் விளிம்பில் மரப்பலகைப் படிகளில் இறங்கி நின்றால், கீழே சாலை பாம்பாக வளைய, வளைகுடாவில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். வழியில் வேலி போட்ட ஒரு காட்டுத் துண்டு வரும். 1970களின் பிற்பகுதியில் ஒரு புழு இந்த மேட்டின் ஊசியிலை மரங்களைப் பெருமளவு தின்று தீர்த்தது, பிறகு முளைத்த இளஞ்செடிகளைத் தின்று மூஸ் மான்கள் பெருகின, காடு மறுபடி எழவே முடியாமல் புல்வெளியானது. அந்த மான்கள் உள்ளே வராமல் இருக்கத்தான் வேலி. அது இருக்கட்டும். நான் சொல்ல வருவது அதற்கு முன்னால் வரும், யாரும் நிற்காத லெ புத்தெரோ பாதையைப் பற்றி.

அங்கே காப்-ரூஷ் என்றொரு அகாடிய ஊர் இருந்தது. மீன்பிடித்து, கொஞ்சம் பயிர் வைத்து, மாடு வளர்த்து வாழ்ந்த குடும்பங்கள், ஷெட்டிகாம்ப்பின் உறவுக்காரர்கள். 1936இல் தேசியப் பூங்கா வந்தபோது, பூங்கா என்றால் உள்ளே மனிதர் குடியிருக்கக் கூடாது என்பது அன்றைய கொள்கை. அரசு நிலத்தைக் கையகப்படுத்தி, சொற்ப இழப்பீடு கொடுத்து, குடும்பங்களை வெளியேற்றியது. 1755இல் விரட்டப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இன்னொரு தடவை சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள், இந்தத் தடவை இயற்கைக் காட்சிக்காக. லெ புத்தெரோ பாதையில் நடந்தால் புல்லுக்கு நடுவே வீட்டு நிலவறைகளின் குழிகள் தெரியும், கல் அடுக்கிய அடித்தளம் தெரியும். பூங்காத் துறை இப்போது விளக்கப் பலகைகள் வைத்திருக்கிறது. கடலைப் பார்த்தபடி அவ்வளவு அழகான இடம்! அந்த அழகுதான் அவர்களுக்கு வினையாகப் போயிற்று. ஸ்கைலைனுக்குப் போகும் வழியில் அரைமணி நேரம் இங்கே இறங்குங்கள் என்பது என் வேண்டுகோள்.

காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். தென்கிழக்கிலிருந்து வரும் காற்று மேட்டுநிலத்தின் மேல் ஏறி, மறுபக்கம் சரிவில் கீழே இறங்கும்போது வேகம் பிடித்துக் கரையோரத்தை அறையும். இதற்கு "சுவெத்" என்று பெயர். பக்கத்து ஊரான கிராண்ட் எத்தாங்கில் 1993 மார்ச்சில் மணிக்கு 233 கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது. புயலும் கிடையாது, சூறாவளியும் கிடையாது, அடிக்கடி வந்து போகும் உள்ளூர்க் காற்று அது. வேடிக்கை என்னவென்றால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கடலுக்குள் போனால் ஒன்றும் இருக்காது. காரைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்து, கதவை மெல்லத் திற என்று நாங்கள் தங்கிய வீட்டுப் பாட்டி சொன்னபோது வானம் தெளிவாகத்தான் இருந்தது. ராத்திரி ஜன்னல் அதிர்ந்ததில் நாங்கள் யாரும் தூங்கவில்லை, பாட்டி நன்றாகத் தூங்கி எழுந்து காலையில் இறைச்சி அடைத்த மாவுப் பண்டம் சுட்டுக்கொண்டிருந்தார்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் குறைவு, ஆனால் ஊரின் உயிர் குளிர்காலத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தவக்காலத்தின் நடுவில் மி-கரேம் வரும். நாற்பது நாள் விரதத்தில் பாதி முடிந்த சந்தோஷத்துக்காகப் பழைய பிரான்சில் கொண்டாடியது, இங்கே ஒரு வாரம் நடக்கிறது. தலையிலிருந்து கால்வரை மூடி, முகமூடி போட்டு, நடையை மாற்றி, குரலை மாற்றி, வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர்கள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தால் முகமூடியைக் கழற்றிவிட வேண்டும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில்தான் இந்த விளையாட்டு நடக்கும். கிராண்ட் எத்தாங்கில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது, முகமூடிகளைக் கோடையில் போனாலும் பார்க்கலாம்.

எல்லோரையும் தெரியும் என்றேன், பெயரை வைத்துத் தெரிந்துகொள்வது ஆனால் கஷ்டம். பத்துப் பன்னிரண்டு குடும்பப் பெயர்தான் இருக்கிறது, ஒரே தெருவில் நான்கு ஜோசப் ஒகுவான் இருப்பார்கள். ஆகவே அப்பா பெயர், தாத்தா பெயர் என்று சங்கிலியாகக் கோத்துக் கூப்பிடுவார்கள், "பவுலின் ஜோசப்பின் வில்லி" என்கிற மாதிரி. இந்த ஊரில் 1911இல் பிறந்த கப்புச்சின் துறவி அன்செல்ம் ஷியாசோன், ஊரின் பாட்டுகளையும் கதைகளையும் வீடு வீடாகப் போய்ச் சேகரித்தவர், அகாடிய நாட்டார் வழக்காற்று ஆய்வுக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். இன்னொரு பக்கம், சுற்றிலும் இருக்கிறவர்கள் ஸ்காட்லாந்து வழி வந்தவர்கள். ஷெட்டிகாம்ப் ஃபிடில்காரர்களின் கையில் ஸ்காட்டிஷ் நடன மெட்டுகள் சரளமாக ஓடும். கோடையில் சனிக்கிழமை மதியம் மதுக்கூடத்தில் ஃபிடில் ஆரம்பித்தால் எழுபது வயதுக்காரர் எழுந்து நின்று கால்தட்டி ஆடுவார், இடுப்புக்கு மேல் அசைவே இருக்காது.

பிரெஞ்சு இங்கே பிழைத்திருப்பது தானாக நடந்த காரியமில்லை, நீதிமன்றம்வரை போய் வாங்கியது. 1982 உரிமைச் சாசனத்தின் 23ஆம் பிரிவு, மொழிச் சிறுபான்மையினருக்குத் தங்கள் மொழியில் பள்ளிக் கல்வி பெறும் உரிமையைக் கொடுக்கிறது. நோவா ஸ்கோஷியா மாகாணம் அதை மறுக்கவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. உயர்நிலை வகுப்புகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளி வேண்டும் என்று ஷெட்டிகாம்ப் உட்பட ஐந்து பகுதிகளின் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். ஒவ்வொரு வருடம் தள்ளிப்போகும்போதும் இன்னொரு வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குள் கரைந்துபோகிறார்கள் என்பது அவர்கள் வாதம். 2000இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி, பள்ளிகளைக் கட்டு என்று தேதி குறித்ததோடு, வேலை எவ்வளவு நடந்தது என்று அரசு திரும்ப வந்து தன்னிடம் அறிக்கை தர வேண்டும் என்றும் உத்தரவிட்டார். நீதிபதிக்கு அந்த அதிகாரம் உண்டா என்று மாகாணம் சண்டை போட்டது. 2003 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பெற்றோர் பக்கம் நின்றது. டூசே-புத்ரோ வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைப் படிக்கிறார்கள், உரிமை மீறலுக்கு நீதிமன்றம் எவ்வளவு தூரம் பரிகாரம் தரலாம் என்பதற்கு முக்கியமான தீர்ப்பு. இந்த ஊரின் மொத்த வரலாற்றிலும் என்னை அதிகம் நெகிழவைத்தது இந்தப் பெற்றோர்கள்தான். ஊரில் 106.1 அலைவரிசையில் சமூக வானொலி ஒன்றும் பிரெஞ்சில் ஓடுகிறது, அதுவும் கூட்டுறவுதான். காரில் போகும்போது போட்டுக் கேளுங்கள், இரங்கல் அறிவிப்புகூட ஊர்ப் பேச்சிலேயே வரும்.

மீன் கதை நல்லபடியாக முடியவில்லை. தெற்கு வளைகுடாவில் காட் மீன் வற்றிப்போய் 1993இல் மீன்பிடிப்பை நிறுத்தினார்கள், அந்த மீன் இன்றுவரை பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. ரோபன் காலத்திலிருந்து ஊரைக் கட்டிப்போட்டதும் ஊருக்குச் சோறு போட்டதும் அதே மீன். இப்போது மே, ஜூனில் சிங்க இறால், கோடையில் பனி நண்டு, அப்புறம் திமிங்கிலம் காட்டும் படகுகள். பைலட் திமிங்கிலக் கூட்டம் படகை ஒட்டியே வரும், குட்டிகளோடு. இளைஞர்கள் பலர் வேலை தேடி மேற்கே போகிறார்கள், அது கவலைதான்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். ஹாலிஃபாக்ஸிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் ஆகும். 1955இல் திறந்த கான்சோ தரைப்பாலம் வழியாகத் தீவுக்குள் நுழைகிறீர்கள். ஜூனிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை போகலாம், அதற்கு வெளியே பல இடங்கள் மூடியிருக்கும். ஆகஸ்ட் 15 அகாடியர்களின் தேசிய நாள், அன்று சட்டி, தட்டு, மணி என்று கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போவார்கள், இடம் கிடைத்தால் அந்த வாரம் தங்குங்கள். ஷெட்டிகாம்ப் தீவுக்கு மணல்திட்டு வழியாகக் காரிலேயே போகலாம், ரோபன் இடம் போட்ட முனை அங்கேதான், வழியில் மாடுகள் மேயும். பழைய ஜிப்சம் சுரங்கப் பாதையும் நன்றாக இருக்கும், குழியில் தேங்கிய நீர் பச்சையும் நீலமுமாகக் கிடக்கும். சாப்பாட்டுக்குக் கோழி ஃப்ரிகோ கேளுங்கள், கோழியும் உருளைக்கிழங்கும் மாவுருண்டையும் போட்ட குழம்பு, சேவரி என்ற மூலிகையின் வாசம் தூக்கலாக இருக்கும். நம் நாக்குக்குக் காரம் குறைவுதான், குளிர்ந்த சாயங்காலத்தில் அது தெரியாது.

கம்பளம் வாங்குவதாக இருந்தால் உள்ளங்கை அகலத்துக்குத் தேநீர்க் கோப்பை வைக்கும் விரிப்பிலிருந்து சுவரில் மாட்டும் பெரிய படம்வரை கிடைக்கும். திருப்பிப் பாருங்கள், பின்பக்கமும் முன்பக்கம் போலவே ஒழுங்காக இருந்தால் நல்ல கை. பேரம் மட்டும் பேசாதீர்கள், ஒரு சின்ன விரிப்புக்கே எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். நேரம் இருந்தால் சட்டத்தின் முன்னால் உங்களையும் உட்காரவைத்து, கொக்கியைக் கையில் கொடுத்து, இரண்டு வரிசை இழுக்கவும் விடுவார்கள்.